பதினோரு மணிக்கு முன் இறங்கக் கூடாது

“டெரிக்கோட பெல்ட்டைக் குடுங்க பெரியப்பா.”

கேட்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைத்தான். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே அப்பா சொல்லியிருந்தார்: “மரத்துல கட்டுறதுக்கு எந்தப் பரண் வேணுமோ எடுத்துக்கோ. கயிறு, ஏறுகழி எல்லாம் உங்க பெரியப்பாவைக் கேட்டு நல்லதா எடு. டெரிக்கோட பெல்ட்டைப் பத்தி மட்டும் பேச்செடுக்காத.” தலையாட்டிவிட்டு இறங்கினேன். உள்ளே நுழைந்து, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன்.

ஆர்விட் பெரியப்பா கல்லாவுக்குப் பின்னால் தோட்டாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எந்த பெல்ட்டு?”

“அவன் செத்த அன்னிக்குப் போட்டிருந்தது.”

“அவன் எங்க போட்டான்? ஊருக்கே தெரியும்.” மோவாயால் சுவரைக் காட்டினார்.

சுவரில் என் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சுத் தொப்பி, இருபத்துமூன்று வயது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘டெரிக் கெம்பைனென் பெல்ட் மாட்டாமல் மரம் ஏறினான். நீங்கள் ஏறாதீர்கள்.’ அதற்கும் கீழே கம்பியில் வரிசையாகப் புது சேஃப்டி பெல்ட்டுகள். படத்தைக் கொடுத்தது அம்மா. அச்சடித்தது பெரியப்பா. இரண்டு வருஷமாக அந்தக் கம்பிதான் கடையிலேயே சீக்கிரம் காலியாகிறது.

அம்மா படத்தோடு விடவில்லை. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில், எதிர்ச்சாரியில் இருக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்தில், புதிதாக வேட்டை உரிமம் எடுப்பவர்களுக்கு வகுப்பு நடக்கும். அதில் கடைசிப் பத்து நிமிஷம் அம்மாவுடையது. போன வருஷம் ஒரு முறை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். “என் பையன் சோம்பேறித்தனம் பண்ணிட்டான். ஒரு கொக்கியை மாட்ட சோம்பல். அவ்வளவுதான்” என்று நாற்பது பேர் முன்னால் சொன்னாள். குரல் உடையவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கும் வகுப்பு இருந்தது. அம்மாவின் முறை இரண்டு மணிக்கு. கடைக் கடிகாரத்தில் ஒன்று இருபது.

“வந்தவுடனே சண்டையா?” காப்பி மெஷின் பக்கத்திலிருந்து கஸ் மாக்கி சிரித்தார். அப்பாவோடு பள்ளிக்கூடம் போனவர். காட்டில் இருக்கும் எங்கள் வேட்டைக் குடிலில் நாலாவது கட்டிலுக்குச் சொந்தக்காரர். “நாப்பது வருஷத்துல முதல் தடவையா நம்ம குடிலுக்கு ஒரு பொண்ணு வருது. வரட்டும்டா ஆர்விட். பாத்திரம் கழுவ ஆள் வேணும்ல.”

“நான் பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன் கஸ். நீங்க கழுவுங்க.”

“அப்படித்தான் உன் தம்பியும் சொன்னான். வெட்டினோம்ல சட்டையை.”

எங்கள் குடிலின் சட்டம் அது. நவம்பர் பதினைந்து, மான் வேட்டை திறக்கும் நாளில், இருட்டோடு பரண் ஏறியவன் பதினோரு மணிக்கு முன் இறங்கக் கூடாது. ஒருத்தன் நடந்தால் மற்றவர்களுடைய மானும் ஓடிவிடும். மீறி இறங்கியவனுடைய சட்டையின் பின்தொங்கலை வெட்டி, பேரும் வருஷமும் எழுதி, அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டுவார்கள். அந்த வாரம் முழுக்க எச்சில் தட்டு அவனுக்கு. டெரிக் சாவதற்கு முந்தின வருஷம் கால் மரத்துப்போய் ஒன்பது மணிக்கு இறங்கிவிட்டான். சிவப்புக் கட்டம் போட்ட அந்தத் துணி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அடுத்த நவம்பரில் அவன் இறங்கவில்லை.

“பதினஞ்சாம் தேதிக்குப் பத்து நாள்கூட இல்ல” என்றார் பெரியப்பா. “பரண் எடுக்க வந்தியா, வம்பிழுக்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான்.”

பெரியப்பாவுக்குள் இருந்த வியாபாரி வெளியே வந்தார். அவருக்கு அதுதான் வசதி. இரும்பைக் காட்டிப் பேசும்போது மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் ஏணிப் பரணைக் காட்டினார். பதினாறடி ஏணி, உச்சியில் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி.

“உனக்கு இதுதான் தோது. மாடிப்படி மாதிரி ஏறலாம்.”

“பின்னல் ஊசியும் நூலும் கொண்டு போகலாம்” என்றார் கஸ்.

“இதை நிமித்த மூணு பேர் வேணும். மரத்துல கட்டாம முதல் தடவை ஏறுறவன் ஏணியோட சாயுவான். போன மாசம் எங்க வார்டுக்கு ஒருத்தர் அப்படித்தான் வந்தார். இடுப்பு ரெண்டு துண்டு.”

நகரத்து ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள். அதற்காக இந்தக் கடையில் எனக்கு வைத்த பேர் டாக்டரம்மா. மரியாதைக்கு வைத்த பேர் இல்லை.

“சரிங்க டாக்டரம்மா, இது?” அடுத்தது ஏறு பரண். இரண்டு சட்டங்கள் மரத்தைக் கட்டிப்பிடிக்கும். கம்பளிப்பூச்சி மாதிரி மேல் சட்டத்தைத் தூக்கி, கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்து, மாற்றி மாற்றி ஏறிப் போகலாம்.

“விளக்குக் கம்பம் மாதிரி மரத்துக்கு இது சரி. டெரிக்கோட மரம் ஹெம்லாக். பத்தடியிலயே கிளை. அதுல இது ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன்.”

கடைசியில் டெரிக் எடுத்ததற்கே வந்தோம். பட்டையால் மரத்தில் கட்டும் சின்னத் தொங்கு பரண். உட்கார ஒரு தட்டு, கால் வைக்க ஒரு தட்டு, ஏற நாலு கழி. கடை நடுவில் கூரை வரைக்கும் போகும் தேவதாருத் தூணில் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார், வாங்குகிறவர்கள் ஏறிப் பார்ப்பதற்காக. பட்டையின் தையலை விரலால் நெருடிப் பார்த்தேன். இரும்புக் கயிற்றின் முனையை இழுத்தேன். தட்டில் ஒரு காலை வைத்து எடையைச் சாய்த்தேன். கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“கடைசிக் கழியில இருந்து தட்டுக்குக் காலை மாத்துறோமே, அங்கதான் விழுவாங்க” என்றேன். “பனி, இருட்டு, கனமான பூட்ஸ். டெரிக்கும் அங்கதான் வழுக்கியிருப்பான்.”

பெரியப்பா பரண் பெட்டி ஒன்றைக் கத்தியால் கீறித் திறந்து, உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். பரணோடு சும்மா வரும் பெல்ட். பையிலிருந்து கைநீள நாடா வளையம் ஒன்றை உருவி, பார்க்காமலே பின்னால் நீட்டி, கல்லாவின் மேலிருந்த காப்பி டப்பாவில் போட்டார். பழகின கை. டப்பா நிறைய அதே வளையங்கள், கறுப்பாக, பாம்புக்குட்டிகள் மாதிரி சுருண்டு கிடந்தன.

“அதை எதுக்கு எடுக்கிறீங்க?”

“அது ஒண்ணுத்துக்கும் ஆகாது. பெட்டிக்கு ஒண்ணு வருது. டிசம்பர்ல கிறிஸ்துமஸ் மரத்தை வண்டி மேல கட்ட நல்லா இருக்கும்.”

“டெரிக் பெட்டியில இருந்தும் எடுத்தீங்களா?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு?”

பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். தோள் பட்டை, மார்புக் கொக்கி, இரண்டு தொடை வளையங்கள். முதுகில் இருந்து நீளும் வாரை, ஸ்டூல் மேல் ஏறி, தூணில் உயரமாகக் கட்டினேன்.

“என்ன பண்ற நீ?”

“வாங்குறதுக்கு முன்னால ஏறிப் பாக்கணும்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க. நான் தொங்கிப் பாக்கிறேன்.”

ஸ்டூலை உதைத்துத் தள்ளினேன்.

பெல்ட் பிடித்தது. முகம் தூணுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. முதுகில் பிடிப்பு இருந்தால் அப்படித்தான் ஆகும். கை பின்னால் துழாவினால் மரம் அகப்படாது. தரைக்கும் என் காலுக்கும் ஓரடி. தொடை வளையங்கள் இரண்டும் இடுக்கில் ஏறி இறுக்கின.

“இறங்கு ஹைடி. கோமாளித்தனம் பண்ணாத.”

“இறங்க முடியாது பெரியப்பா. அதான் விஷயம். மணியைப் பாருங்க.”

கஸ் கோப்பையோடு பக்கத்தில் வந்தார். “இதென்னடி சர்க்கஸ்?”

“கஸ், இருபத்திரண்டு அடி உயரத்துல இருந்து உறைஞ்ச தரையில விழுந்தா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? உன் தம்பிக்கு ஆனதுதான் ஆகும்.”

“என் தம்பிக்கு ஒரு எலும்புகூட முறியல.”

கஸ்ஸின் சிரிப்பு நின்றது.

“மரண விசாரணை அறிக்கையை மூணு தடவை மனு போட்டு வாங்கினேன். மேலோட்டமாப் பார்த்து எழுதினது. மரத்துல இருந்து விழுந்தான்னு கூட வந்தவங்க சொன்னாங்க, விழுந்து செத்தான்னு எழுதிட்டாங்க. ஆனா பாத்ததையும் எழுதியிருக்காங்க. எலும்பு முறிவு இல்ல. மண்டையில காயம் இல்ல. ரெண்டு தொடையோட உள்பக்கமும் ஒன்றரை அங்குல அகலத்துல கருநீலத் தடம்.” இடுக்கில் ஏறியிருந்த வளையத்தைத் தட்டிக் காட்டினேன். “அளந்து பாருங்க. ஒன்றரை அங்குலம்.”

கால் விரல்களில் ஊசி குத்த ஆரம்பித்திருந்தது. தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். காலை ஊன்ற ஒரு பிடி கிடைக்காவிட்டால் நெஞ்சுக்குத் திரும்பாது. சில பேருக்குப் பத்து நிமிஷம். சில பேருக்கு அரை மணி. அந்தக் காப்பி டப்பாவில் கிடக்கும் நாடா வளையம் இதற்காகத்தான் வருகிறது. வாரில் மாட்டி, அதில் காலை ஊன்றி நிற்கலாம். அதை அவர்களிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் உதடு வெளுத்துவிட்டது போலிருக்கிறது.

“ஆர்விட், பிள்ளையை இறக்கு” என்றார் கஸ்.

“ஸ்டூலைத் தொடாதீங்க. பதினோரு மணி வரைக்கும் யாரும் இறங்கக் கூடாதே.”

பெரியப்பா கல்லாவைச் சுற்றி ஓடி வந்தார். அறுபத்தெட்டு வயது, ஒரு முழங்கால் செயற்கை. குனிந்து என் இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து மேலே தூக்கினார். முகத்தை என் கால்சட்டையில் புதைத்துக்கொண்டார். பாரம் காலைவிட்டு இறங்கியது.

“விடுங்க.”

“விட மாட்டேன். லைல் இப்படித்தான் பிடிச்சுட்டு நின்னான். விடவே மாட்டேன்னுட்டான்.”

லைல் என் அப்பா.

தான் சொன்னது பெரியப்பாவுக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கஸ் ஸ்டூலை எடுத்து என் காலடியில் வைத்தார். வாரை அவிழ்த்தேன். இறங்கியதும் கால் மடங்கியது, தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன சொன்ன நீ?” கஸ் கேட்டார். “நான் வரும்போது அவன் தரையில கிடந்தான். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல மண்டி போட்டிருந்தீங்க.”

“நீ வந்தப்ப பதினொன்னே முக்கால்.” பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் போனப்ப பதினொன்னு பத்து. லைல் மரத்து மேல இருந்தான். கழியில ஒரு கால், கிளையில ஒரு கால். பையனை இடுப்போட தூக்கிப் பிடிச்சிருந்தான். சுமையைக் குறைக்கிறானாம். பையன் எப்பவோ சில்லிட்டுட்டான். நான் ஏறி வாரை அறுத்தேன். கயிறு கட்டி இறக்கினோம்.”

“அப்பா அதுக்கு முன்னாடியே ஏன் போகலை?” பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சட்டம், அவ்வளவுதான் என்று. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“வேண்டாம் ஹைடி.”

“சொல்லுங்க.”

அவர் தன் கைகளைப் பார்த்துச் சொன்னார். “கூப்பிட்டிருக்கான். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால. ‘அப்பா’ன்னு மூணு தடவை. உங்கப்பன் பரணுக்கும் அதுக்கும் இருநூறு கெஜம்தான். நல்லாக் கேட்டுச்சாம். போன வருஷம் மாதிரி கால் குளிருது, இறங்கணும்கிறான்னு நினைச்சிருக்கான். மறுபடி சட்டையை வெட்டுவானுங்க, இந்தத் தடவையாவது உக்காருடா மகனேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டானாம். அப்புறம் சத்தம் இல்ல. அடங்கிட்டான், நல்ல பையன்னு…”

கஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அந்தச் சட்டையை வெட்டினவன் நான்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பெரியப்பா எழுந்து பின்னறைக்குப் போனார். துப்பாக்கி அலமாரியின் பூட்டு திறக்கும் சத்தம். ஒரு சாக்குப்பையோடு வந்தார். உள்ளே இருந்தது டெரிக்கின் பெல்ட். மார்புப் பட்டையில் அவன் பேனாவால் எழுதிய பெயர். வேட்டைக்கு முந்தின நாள் சமையலறையில் இதைப் போட்டுக்கொண்டு, விமானத்திலிருந்து குதிக்கிறவன் மாதிரி மேஜை மேலிருந்து குதித்துக் காட்டினான். அம்மா கரண்டியால் அடித்தாள். முதுகு வார் கத்தியால் அறுக்கப்பட்டு நேராக முடிந்திருந்தது. பெல்ட்டின் தையல் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

“இதைக் கழட்டினது நான். போலீஸ்ல பொய் சொன்னது நான். உங்கப்பன் ஒரு வார்த்தை கேக்கலை” என்றார். “மாட்டாம விழுந்தான், அந்த நிமிஷமே போயிட்டான்னு சொன்னா யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஜானிஸுக்கும் அதுதான் நல்லதுன்னு நினைச்சேன்.”

“அம்மாவுக்கு நல்லதா? அவ நாப்பது பேர் முன்னால நின்னு என் புள்ள சோம்பேறின்னு சொல்றா. நீங்க அச்சடிச்சுக் குடுத்த பொய்யை மனப்பாடம் பண்ணிச் சொல்றா. அவன் சோம்பேறி இல்ல. மாட்டினான்.”

“அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் பெல்ட் வாங்கினாங்க தெரியுமா? முன்னால வருஷத்துக்கு நாலு போகும். இப்ப அறுபது போகுது. போன வருஷம் ஒருத்தன் தவறி விழுந்து, பெல்ட்டு தாங்கி, வந்து என் கையைப் பிடிச்சு அழுதான். மாட்டியும் செத்தான்னு நீ போய்ச் சொன்னா இனிமே எவன் மாட்டுவான்?”

சுவரில் டெரிக் சிரித்தான். என் தொடை இன்னும் எரிந்தது.

“முழுசாச் சொல்லுவேன்” என்றேன். “பெல்ட்டு தாங்குச்சு, அதைச் சொல்லுவேன். வாரைத் தலைக்கு மேல கட்டணும், அவன் உக்கார்ற உயரத்துல கட்டிட்டான் போல, பரணுக்குக் கீழ போயிட்டான், அதைச் சொல்லுவேன். தரையில இருந்தே கயிறைக் கட்டிட்டு ஏறணும்னு சொல்லுவேன். நாடா வளையம் எதுக்குன்னு சொல்லுவேன். அப்புறம், கூப்பிட்டா இறங்கிப் போகணும்னு சொல்லுவேன். மணி என்னவா இருந்தாலும்.”

“உங்கப்பன் செத்துருவான்.”

“தெரியும். யோசிச்சாச்சு.”

உண்மையில் ஆஸ்பத்திரியில் அந்த அறிக்கையைப் படித்த அன்றே யோசித்திருந்தேன். பெல்ட்டை மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் பங்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததும் நிறுத்துவேன் என்று எனக்குள் ஒருத்தி காத்திருந்தாள். அவள் நிறுத்தவில்லை.

“நாளைக்குச் சொல்லு” என்றார் பெரியப்பா. “வீட்டுல, ஜானிஸ்கிட்ட மட்டும். உக்காந்து, மெதுவா. அத்தனை பேர் முன்னால வேண்டாம்மா.”

“இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவ மறுபடியும் அந்தப் பொய்யைச் சொல்லப் போறா பெரியப்பா. அதுக்கு முன்னால அவளைக் கதவுகிட்டயே தனியா நிறுத்திச் சொல்லுவேன். அதுக்கு மேல பேசுறதும் பேசாததும் அவ இஷ்டம். அவ பேசலைன்னா நான் பேசுவேன்.”

கடைப் பெல்ட்டைக் கழற்றிக் கல்லாவில் வைத்தேன். டெரிக்கின் பெல்ட்டைக் கோட்டுக்கு மேலே மாட்டினேன். அவனுக்குத் தோள் அகலம். எனக்கு எல்லாப் பட்டையையும் இழுக்க வேண்டியிருந்தது. தொடை வளையத்தைப் பூட்டும்போது பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பரண்?” என்றார். பழக்கதோஷத்தில் கேட்டாரா, வேறு ஒன்றும் கேட்கத் தெரியாமல் கேட்டாரா, தெரியவில்லை.

“வேண்டாம்.”

காப்பி டப்பாவை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. கஸ் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். கிழவரின் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

வெளியே பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. எதிரே தீயணைப்பு நிலையக் கூடத்தின் வாசலில் வண்டிகள் நிறைந்திருந்தன. அம்மாவின் பச்சை வண்டி கடைசியில். ஒன்று நாற்பத்தைந்து.

அப்பா கண்ணாடிக்குப் பின்னால் பாதி தின்ற கறிப் பேஸ்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு என் மார்பில் இருந்த பெயரைப் பார்த்தார். அவர் வாய் அசைவது நின்றது. வண்டியைச் சுற்றிக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். அறுந்த வார் முதுகில் தட்டிக்கொண்டே வந்தது.

பின்னால் வண்டிக் கதவு திறந்தது.

“ஹைடி!”

மூன்று தடவை கூப்பிட்டார். நல்லாக் கேட்டது. நான் திரும்பவில்லை.